படுத்தால் ஓயாத கால்கள்



பகலெல்லாம் உழைத்த கால்கள் இரவில் ஓய்வைத் தேடும். மலைக்காட்டில் ஏறி இறங்கிப் பால் வெட்டிய கால்களும், செம்பனைக் குலைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சேற்றில் தள்ளிச் சென்ற கால்களும் பாயில் நீட்டியவுடன் உறங்கிவிடும். அதுதான் இயற்கை.

ஆனால், படுத்தவுடன்தான் சிலருடைய கால்களுக்கு விழிப்பு வருகிறது! எலும்புக்குள் ஏதோ ஊர்வது போல, குடைவது போல, இழுப்பது போல ஓர் உணர்ச்சி. வலி என்று சொல்ல முடியாது. வலி இல்லை என்றும் சொல்ல முடியாது. காலை உதறினால் தேவலாம் போல இருக்கும். எழுந்து நான்கு அடி நடந்தால் ஓய்ந்துவிடும். மறுபடி படுத்தால் மறுபடி வந்துவிடும். இப்படியே மணி பன்னிரண்டு, ஒன்று, இரண்டு என்று இரவு கழியும்.

இந்தத் தொல்லை யாருக்கும் வரலாம். ஆனால் இக்கட்டுரையில் நான் பேசப்போவது, புரோஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் நம் வீட்டுப் பெரியவர்களைப் பற்றி. அவர்களுக்கு இது ஏன் வருகிறது, வந்தால் என்ன செய்யலாம், யாரிடம் எப்படிச் சொல்வது என்பதையெல்லாம் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

இரண்டு வெட்கங்கள்

புரோஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள ஒரு சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வரும் குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. பெரிய கொட்டைப்பாக்கு அளவுதான். வயது ஏற ஏற இச்சுரப்பி வீங்குவதுண்டு. சிலருக்கு அதில் புற்றுநோய் உண்டாவதும் உண்டு.

இந்த நோயைப் பற்றி நம் ஆண்கள் வாய் திறப்பதில்லை. இருக்கும் இடம் அப்படி! சொந்த மகனிடம்கூட, “ஒண்ணுக்குப் போறதுல கொஞ்சம் கோளாறு” என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். இது முதல் வெட்கம்.

இரண்டாவது வெட்கம் கால் தொல்லையைப் பற்றியது. “புற்றுநோய்க்கே வைத்தியம் நடக்குது. இதுல போய்க் கால் குடையுதுன்னு டாக்டர்கிட்டச் சொன்னா சிரிக்க மாட்டாரா?” என்று நினைத்துக்கொண்டு சொல்லாமல் வந்துவிடுகிறார்கள். பெரிய நோயின் நிழலில் சிறிய தொல்லை மறைந்துபோகிறது. ஆனால் மாதக் கணக்கில் தூக்கம் கெட்டால் அது சிறிய தொல்லையா? தூக்கம் இல்லாத மனிதனுக்குச் சோறு இறங்காது, கோபம் வரும், மனம் சோர்ந்துபோகும். கடைசியில், “இந்த ஊசியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்” என்ற முடிவுக்கு வந்துவிடுவான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பெயர் உண்டு, வரலாறும் உண்டு

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இது மனப்பிரமையும் அல்ல. பேய் பிசாசின் வேலையும் அல்ல. மருத்துவ நூல்களில் இடம்பெற்ற நோய். தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1672-ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதினார். சுவீடன் நாட்டு மருத்துவர் கார்ல்-ஆக்செல் எக்பொம் 1945-இல் இதை விரிவாக ஆராய்ந்து பெயர் சூட்டினார். அதனால்தான் இருவர் பெயரையும் சேர்த்து, வில்லிஸ்-எக்பொம் நோய் என்றும் அழைக்கிறார்கள். நாம் எளிமையாக ‘ஓயாக்கால்’ என்று வைத்துக்கொள்வோம்.

உங்களுக்கு இருப்பது ஓயாக்கால்தானா? இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. காலை அசைத்தே ஆகவேண்டும் என்ற அடக்க முடியாத உந்துதல் வருகிறதா?
2. உட்கார்ந்திருக்கும்போதோ படுத்திருக்கும்போதோ அது தொடங்குகிறதா, அல்லது அதிகமாகிறதா?
3. நடந்தாலோ, காலை நீட்டி மடக்கினாலோ தணிகிறதா?
4. பகலைவிட மாலையிலும் இரவிலும் மோசமாக இருக்கிறதா?

நான்குக்கும் ‘ஆம்’ என்றால் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். ஆனால், கெண்டைக்கால் சதை திடீரென்று கல்லாக இறுகிப் பிடித்துக்கொள்வது வேறு. கால் வீங்குவது வேறு. பகலும் இரவும் பாதம் மரத்துப்போய் இருப்பது வேறு. இவற்றைப் பிரித்துச் சொல்ல மருத்துவரால்தான் முடியும்.

மூளையில் டோபமைன் என்றொரு இரசாயனம் உண்டு. உடல் அசைவுகளை ஒழுங்குபடுத்துவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அதை உண்டாக்க இரும்புச் சத்து தேவை. மூளைக்குப் போதிய இரும்பு கிடைக்காதபோது இந்த ஒழுங்கு கெடுகிறது என்பது ஆய்வாளர்கள் கண்ட முக்கியமான காரணம். குறை இருப்பது மூளையின் கணக்கில். கூச்சல் போடுவது கால்! அதனால்தான் கோடாலித் தைலத்தை எத்தனை புட்டி தேய்த்தாலும் தற்காலிக சுகம்தான் கிடைக்கிறது.

சிகிச்சைக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?

புரோஸ்டேட் புற்றுநோய், ஆண்மைச் சுரப்புநீரான டெஸ்டோஸ்டெரோனை உண்டு வளர்கிறது. அதைக் குறைத்தால் நோயும் அடங்குகிறது என்பதை 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் சிக்காகோவில் நிரூபித்தார். அதற்காக அவருக்கு 1966-இல் நோபெல் பரிசு கிடைத்தது. இன்று பலருக்கு மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்திற்கு ஒருமுறையோ போடப்படும் ஊசி இந்த வேலையைத்தான் செய்கிறது. சிலருக்கு இதோடு கதிர்வீச்சுச் சிகிச்சையும், சிலருக்குக் கீமோ மருந்தும் சேரும்.

“ஊசி போட்டதால்தான் கால் இப்படி ஆனது” என்று ஊசியின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிடாதீர்கள். சிகிச்சைக் காலத்தில் ஓயாக்கால் நுழைவதற்குப் பல வாசல்கள் திறந்திருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டால் ஒவ்வொன்றாக அடைக்கலாம்.

முதல் வாசல் இரத்தக் குறைவு. சிவப்பு அணுக்கள் உண்டாவதற்கு டெஸ்டோஸ்டெரோன் துணை செய்கிறது. அது குறையும்போது இரத்தமும் ஓரளவு குறையும். இதற்குமேல் மூலத்தாலோ, வயிற்றுப்புண்ணாலோ, கதிர்வீச்சுக்குப் பிறகு மலவாயில் ஏற்படும் புண்ணாலோ இரத்தம் கசிந்தால், உடம்பின் இரும்புக் கையிருப்பும் கரைந்துபோகும். கையிருப்பு கரைந்தால் கால் ஓயாது.

இரண்டாவது வாசல் மாத்திரைகள். குமட்டலுக்குக் கொடுக்கப்படும் மெட்டோகுளோபிரமைட், புரோகுளோர்பெரசின் போன்றவை ஓயாக்காலை அதிகமாக்கக்கூடியவை. சளிக்கும் அரிப்புக்கும் சாப்பிட்டால் தூக்கம் வருமே, அந்தக் குளோர்பெனிரமின் போன்ற மாத்திரைகளும் அப்படித்தான். பஸ்ஸில் வாந்தி வராமலிருக்க விழுங்கும் மாத்திரைகள் பலவும் இதே இனம். தோட்டத்திலிருந்து புத்ராஜெயா தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்கோ, ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைக்கோ நெடுந்தூரம் போகிறவர்கள் பயணத்திற்கு முன் அந்த மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார்கள். அன்று இரவு கால் ஏன் இரட்டிப்பாகப் படுத்துகிறது என்று அவர்களுக்கு விளங்குவதில்லை!

மூன்றாவது வாசல் உடல் கொதிப்பு. ஊசி போட்டுக்கொள்ளும் ஆண்களுக்கு, மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்கு வருவது போல, திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்துக் கொட்டும். அதைத் தணிக்கச் சில சமயம் வென்லாபாக்சின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளைத் தருவார்கள். அவை கொதிப்பை அடக்கும்; ஆனால் சிலருக்குக் கால் தொல்லையைக் கிளப்பும்.

நான்காவது வாசல் நரம்பு. டோசெடாக்சல் என்ற கீமோ மருந்து சிலருக்குப் பாத நரம்புகளைத் தாக்கி மரமரப்பையும் எரிச்சலையும் உண்டாக்கும். இது ஓயாக்கால் அல்ல என்றாலும், அதுபோலவே தோன்றலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

ஐந்தாவது வாசல் உடைந்த தூக்கம். சிறுநீர் கழிக்க இரவில் மூன்று நான்கு முறை எழுகிறவருக்கு, ஒவ்வொரு முறையும் மீண்டும் படுக்கும்போது கால் தன் வேலையைத் தொடங்கிவிடும்.

ஒரு தோட்டத்தில் நடந்தது

நான் வேலை செய்யும் பள்ளிக்கு அருகில் ஒரு தோட்டம். அங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேல் குலை வெட்டிய பெரியவர் ஒருவருக்கு மூன்று மாத ஊசி போட்டுவந்தார்கள். சில மாதங்களில் அவர் இரவில் தோட்டச் சடக்கில் நடக்கத் தொடங்கினார். முதலில் வாசலில், பிறகு கோயில் வரைக்கும், பிறகு ஸ்டோர் வரைக்கும். பார்த்தவர்கள், “முனி அடித்துவிட்டது” என்றார்கள். வீட்டம்மாள் எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டார். கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். நடை நிற்கவில்லை.

பேரனைப் பள்ளியில் விட வந்தபோது அந்த அம்மாள் என்னிடம் சொன்னார்: “வாத்தியாரே, ராத்திரி முழுக்க நடக்குறாரு. இந்தத் தடவை ஊசிக்கே போக மாட்டேங்கிறாரு. நீங்களாவது சொல்லுங்க.”

அன்று மாலை போய் உட்கார்ந்தேன். “அண்ணே, நடக்கும்போது எப்படி இருக்கு?” என்று கேட்டேன். “நடந்தா சொர்க்கம், படுத்தா நரகம், வாத்தியாரே” என்றார். அந்த ஒரு வார்த்தை போதாதா? அதையே ஒரு தாளில் மலாயில் எழுதிக் கொடுத்து, ஊசி நாளன்று மருத்துவரிடம் காட்டச் சொன்னேன்.

மருத்துவர் அதைப் படித்துவிட்டு இரண்டு காரியம் செய்தார். இரத்தத்தில் இரும்புக் கையிருப்பைப் பார்த்தார், மிகக் குறைவு. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். தூக்கம் வரட்டும் என்று ஃபார்மசியில் வாங்கிய சளி மாத்திரையைத் தினமும் இரவில் விழுங்குவது தெரியவந்தது. மேலும் விசாரித்ததில், பல மாதங்களாக மூலத்தில் இரத்தம் போவதையும் பெரியவர் ஒப்புக்கொண்டார். மூன்றாவது வெட்கம்!

சளி மாத்திரை நிறுத்தப்பட்டது. மூலத்திற்கு வைத்தியம் நடந்தது. இரும்பு மாத்திரை தொடங்கியது. கால் ஒரே இரவில் அடங்கிவிடவில்லை. மூன்று மாதத்திற்குமேல் ஆயிற்று. இன்னும் சில இரவுகளில் எழுந்து நடக்கத்தான் செய்கிறார். ஆனால் தூங்குகிறார். ஊசிக்கும் தவறாமல் போகிறார்.

மருத்துவரிடம் என்ன கேட்பது?

மருத்துவமனையில் நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். போகும்போதே தயாராகப் போக வேண்டும். தமிழ் தெரியாத மருத்துவராக இருந்தால் இப்படிச் சொல்லலாம்:

“டோக்டர், வக்து மாலாம் காக்கி சாயா தா போலே டியாம். பீலா பாரிங், ராசா தா செலேசா. பீலா ஜாலான், ராசா லெகா.”

இரவில் என் கால் சும்மா இருப்பதில்லை, படுத்தால் தொல்லை, நடந்தால் ஆறுதல் என்பது இதன் பொருள். இந்த மூன்று வாக்கியங்களைக் கேட்டால் நோயின் அடையாளம் மருத்துவருக்குப் புரிந்துவிடும்.

அடுத்து, இரும்புச் சத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது. ஃபெரிட்டினையும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்கிறீர்களா? ஹீமோகுளோபின் கையில் புழங்கும் செலவுப் பணம் என்றால், ஃபெரிட்டின் சேமநிதியில் கிடக்கும் பணம். கையில் பணம் புழங்குகிறது என்பதாலேயே சேமநிதியில் இருப்பு இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? ஓயாக்கால் உள்ளவர்களுக்கு ஃபெரிட்டின் 75 மைக்ரோகிராம் அல்லது அதற்குக் கீழே இருந்தால் இரும்பு கொடுப்பதைப் பற்றி மருத்துவர்கள் யோசிக்கிறார்கள். பரிசோதனைத் தாளில் ‘சாதாரணம்’ என்று போட்டிருந்தாலும் எண்ணைக் கேளுங்கள். புற்றுநோயும் அழற்சியும் இந்த எண்ணைப் பொய்யாக உயர்த்திக் காட்டலாம். அதனால் டிரான்ஸ்ஃபெரின் செறிவு என்ற இன்னொரு அளவையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். அது 20 விழுக்காட்டிற்குக் கீழே இருந்தாலும் குறைவுதான். பி.எஸ்.ஏ. பரிசோதனைக்கு எப்படியும் இரத்தம் எடுக்கிறார்கள். அப்போதே இதையும் பார்க்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.

ஆனால் ஒன்று. சோதிக்காமல் இரும்பு மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். நம் நாட்டில் தலசீமியா உள்ள குடும்பங்கள் பல உண்டு. அவர்களில் சிலருக்கு உடம்பில் இரும்பு ஏற்கெனவே அதிகமாக இருக்கும். மேலும் வயதான ஆணுக்கு இரும்பு குறைந்தால், இரத்தம் எங்கே போகிறது என்பதையும் தேடியாக வேண்டும்.

மருத்துவர் கொடுத்த இரும்பு மாத்திரையைத் தேநீர், காப்பி, பாலோடு சேர்த்துச் சாப்பிடாதீர்கள். சத்து உடம்பில் ஒட்டாது. இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். ஆரஞ்சுச் சாறோடு சாப்பிட்டால் நல்லது. மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நரம்பு வழியாகவும் இரும்பு ஏற்றுவார்கள். முருங்கைக்கீரை, ஈரல், நெத்திலி, பருப்பு எல்லாம் நல்ல உணவுதான். ஆனால் வற்றிப்போன கிணற்றை அவை மட்டும் நிரப்பிவிடாது.

பிறகு, வீட்டில் இருக்கும் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஃபார்மசியில் வாங்கியது, பக்கத்து வீட்டில் கொடுத்தது, பாசார் மாலாமில் வாங்கிய ஜாமு, ‘மூட்டுவலி போக்கும் மூலிகை’ எல்லாம்தான். இப்படி விற்கப்படும் சரக்குகள் சிலவற்றில் டெக்ஸாமெத்தாசோன் போன்ற மருந்துகள் மறைவாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. பையைப் பார்த்து, எது காலுக்குப் பகை என்று மருத்துவர் சொல்வார். அதற்கு மாற்றும் தருவார். நீங்களாக எதையும் திடீரென்று நிறுத்தாதீர்கள். முக்கியமாக, மனச்சோர்வு மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தக்கூடாது.

இதற்கென மருந்து உண்டா?

உண்டு. இரும்பைச் சரிசெய்த பிறகும் தொல்லை நீடித்தால் காபாபென்டின், பிரிகாபாலின் போன்ற மருந்துகளைத் தருவார்கள். உடல் கொதிப்புக்கும் காபாபென்டினைக் கொடுப்பதுண்டு. ஆகவே கொதிப்பும் கால் தொல்லையும் சேர்ந்து இருப்பவர் இரண்டையும் மருத்துவரிடம் சொல்வது இலாபம். இம்மருந்துகளால் தலைச்சுற்றலும் மயக்க நிலையும் வரலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும்.

முன்பெல்லாம் பிராமிபெக்சோல், ரோபினிரோல் ஆகியவைதான் முதல் மருந்து. தொடக்கத்தில் அருமையாக வேலை செய்யும். ஆண்டுகள் செல்லச் செல்ல, சிலருக்குத் தொல்லை முன்னதாகவே தொடங்கி, கைகளுக்கும் பரவி, முன்னைவிடக் கடுமையாகிவிடும். இதனால் அவற்றை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2025-இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஆலோசனை கூறியிருக்கிறது. இன்னொரு விந்தையும் உண்டு. இம்மருந்துகள் சிலருக்கு அடக்க முடியாத சூதாட்ட ஆசையைக் கிளப்பிவிடும்! அதுவரை நாலு நம்பர் கடைப் பக்கமே போகாத மனிதர் திடீரென்று சம்பளத்தை அங்கே கொட்டினால், மருந்தையும் சந்தேகியுங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

மாலையில் வெயில் தாழ்ந்ததும் அரை மணி நேரம் நடங்கள். ஊசியால் தசையும் எலும்பும் மெலியும் என்பதால் நடை அதற்கும் நல்லது. ஆனால் படுக்கப் போகும் நேரத்தில் கடுமையாக வேலை செய்யாதீர்கள்.

படுப்பதற்கு முன், சுவரில் கைகளை ஊன்றி ஒரு காலைப் பின்னே வைத்துக் கெண்டைக்கால் நன்றாக இழுபடும்படி நில்லுங்கள். முப்பது எண்ணும்வரை ஒரு கால், பிறகு மறு கால். இப்படி மூன்று முறை.

வெதுவெதுப்பான நீரில் கால் கழுவினால் சிலருக்குச் சுகம். சிலருக்குக் குளிர்ந்த நீர்தான் பிடிக்கும். இரண்டையும் பார்த்து, எது ஒத்துவருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவதும் ஆறுதல் தரும்.

பிற்பகலுக்குப் பிறகு காப்பி, தே தாரேக் வேண்டாம். சம்சுவும் பீரும் தூக்கம் தரும் என்று நினைப்பது தவறு. முதல் இரண்டு மணி நேரம் தூங்க வைத்துவிட்டு, நடுச்சாமத்தில் காலை எழுப்பிவிடும். சிகரெட்டும் அப்படியே.

மருத்துவமனையில் காத்திருக்கும்போது நாற்காலி வரிசையின் ஓரத்தில் உட்காருங்கள்; எழுந்து நடக்க வசதி. கதிர்வீச்சு மேசையில் அசையாமல் படுக்க வேண்டுமே என்ற பயம் பலருக்கு உண்டு. கால் தொல்லை காலையில் குறைவாக இருக்கும். ஆகவே காலை நேரத்தில் சிகிச்சை கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். மேசையில் ஏறும் முன் அங்குள்ளவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். எலும்பு ஸ்கேன் போன்றவற்றில் அதைவிட நெடுநேரம் படுக்க வேண்டியிருக்கும். அதற்கும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

தாய்மார்களே, பிள்ளைகளே!

இனி உங்களிடம் சில வார்த்தைகள்.

தோட்டத்து வழக்கம் விடியுமுன் எழுவது. விடிந்த பிறகும் படுத்திருப்பவனைச் சோம்பேறி என்போம். ஆனால் ஓயாக்கால் உள்ளவருக்கு அதிகாலையில்தான் தொல்லை தணியும். அப்போதுதான் அவருக்கு நல்ல தூக்கம் வரும். ஏழு மணிக்குத் தட்டை உருட்டி, ரேடியோவை முடுக்கிவிட்டு, “இன்னும் என்ன தூக்கம்?” என்று கேட்காதீர்கள். அது அவர் இரவெல்லாம் நடந்து சம்பாதித்த தூக்கம்.

இரவில் அவர் நடப்பதற்கு வழி செய்து கொடுங்கள். ஊசி எலும்பை மெலிய வைக்கிறது. விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். நடைவழியில் சிறு விளக்கு எரியட்டும். மிதியடிகளையும், பிள்ளைகளின் பள்ளிப் பைகளையும், சைக்கிளையும் ஒதுக்கி வையுங்கள். குளியலறைத் தரை ஈரமில்லாமல் இருக்கட்டும். வெளியே சடக்கில் நடப்பதைவிட வீட்டுக்குள் நடப்பது பத்திரம்.

சகோதரிகளே, அவர் உதைக்கும் உதையில் உங்கள் தூக்கமும் கெடும். தனிப் பாயில் படுப்பது சண்டையின் அடையாளம் அல்ல. இருவரில் ஒருவராவது தூங்கினால்தான் மறுநாள் வீடு நடக்கும். இந்தச் சிகிச்சையில் ஆண்களுக்குத் தாம்பத்திய நாட்டமும் குறைந்துபோகும். அது ஊசியின் வேலை. உங்கள் மேல் வெறுப்பு அல்ல. இதையும் மனத்தில் வைத்துக்கொண்டால் வீட்டில் பாதிச் சண்டை தீரும்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் அதற்கும் ஒரு வேலை கொடுங்கள். ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் நான்கு கட்டம் போடச் சொல்லுங்கள்: தேதி, கால் தொல்லை தொடங்கிய மணி, எத்தனை முறை எழுந்தார், அன்று சாப்பிட்ட மாத்திரையும் பானமும். தாத்தா காலையில் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதட்டும். இரண்டு வாரம் எழுதினால், எந்த நாளில் தொல்லை கூடியது, அன்று என்ன சாப்பிட்டார் என்பது பளிச்சென்று தெரியும். அந்தப் புத்தகத்தைப் பார்த்தாலே மருத்துவருக்குப் பாதி விசாரணை முடிந்துவிடும். பிள்ளைக்கும் தாத்தாவிடம் உட்கார்ந்து பேச ஒரு காரணம் கிடைக்கும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கால் தொல்லை எல்லாமே ஓயாக்கால் அல்ல. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த ஊசி நாள் வரை பொறுக்காதீர்கள்.

கால்கள் வலுவிழந்து தள்ளாடுவது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி குறைவது, முதுகில் புதிதாகக் கடுமையான வலி, சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது அல்லது அடைத்துக்கொள்வது. புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவித் தண்டுவடத்தை அழுத்தும்போது இப்படி நேரும். மணிக்கணக்கில் தாமதித்தாலும் நடை போய்விடக்கூடும்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலிப்பது. இது இரத்தம் உறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

இவற்றுக்கு நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணில் ஆம்புலன்சை அழைக்கலாம்.

இன்னொன்று: குமட்டல் மாத்திரை சாப்பிட்ட பிறகு கால் மட்டுமல்லாமல் உடம்பு முழுவதும் பதற்றமாகி, பகலிலும் ஒரு நிமிடம் உட்கார முடியாமல் போனால், அது மருந்தின் விளைவாக இருக்கலாம். அடுத்த வேளை மாத்திரையைப் போடுமுன் மருத்துவமனையைக் கேளுங்கள்.

முடிவாக

வாசகப் பெருமக்களே! நம் பெரியவர்கள் பொறுத்துக்கொள்வதையே பெருமையாகக் கருதி வளர்ந்தவர்கள். அட்டைக்கடியையும் மழையையும் பொறுத்தார்கள். குறைந்த கூலியையும் பொறுத்தார்கள். அந்தப் பொறுமைதான் நம்மை ஆளாக்கியது. ஆனால் நோயிடம் அந்தப் பொறுமை செல்லாது. சொல்லாத தொல்லைக்கு எந்த மருத்துவராலும் மருந்து எழுத முடியாது.

உங்கள் வீட்டில் யாராவது இரவில் நடக்கிறார்களா? நாளைக் காலை, அவர் தூங்கி எழுந்த பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேளுங்கள்: “நடக்கும்போது தேவலாமா?” ‘ஆம்’ என்றால், ஒரு தாளை எடுத்து அந்த மூன்று மலாய் வாக்கியங்களையும் எழுதி, அவருடைய மருத்துவமனை அட்டைக்குள் வைத்துவிடுங்கள். ஊசி நாளை மட்டும் தவறவிடாதீர்கள்.